ஒலிம்பியச் செலவும் கிரேக்க ஒருமையும்

பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பிய விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓடினாரையும் மற்போர் புரிந்தாரையும் தேர் செலுத்தினாரையுமே கூறிச் செல்வர். அவற்றைக் காணச் சென்ற மக்களைப் பற்றி விரித்துரைப்பார் சிலரே. ஆயினும், சென்று கண்டோர் இல்லையேல் அவ்விழா இல்லை. அவர்தம் செலவு எத்தகையது, அதற்குக் காவலாய் நின்றது யாது, அச்செலவால் விளைந்த பயன் யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரை ஆராயும்.

ஒலிம்பியா ஒரு நகரன்று. பெலொப்பொனேசத்தின் மேற்கே, ஆல்ஃபியஸ், கிளாடியஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த சியூஸ் கடவுளின் கோயில் வளாகமே அது. கி. மு. 776-இல் தொடங்கி நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை அங்கு விழா நடந்தது என்பது மரபு. அதனை நடத்தும் பொறுப்பு எலிஸ் நாட்டாரைச் சார்ந்தது. விழா கடுங்கோடையில், முழுமதியை ஒட்டி வந்தது, கி. மு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஐந்து நாள் நீடித்தது. ஓட்டக்களத்தின் மண்கரைகளில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்து காணலாம் என்பது அகழ்வாய்வாளர் கணிப்பு. நடுவர் முதலிய சிலரை ஒழித்து ஏனையோர் வெறுந்தரையிலேயே அமர்ந்தனர்.

ஏதென்ஸ் நகரினின்று ஒலிம்பியாவுக்கு நடந்து செல்ல எத்துணை நாள் ஆகும்? இதற்குச் செனோபன் எழுதிய சாக்ரட்டீஸ் நினைவுக் குறிப்புக்களில் விடை உண்டு. அந்நெடு வழிக்கு அஞ்சினான் ஒருவனை நோக்கி, அவன் வீட்டில் இருக்கும்போது நாள்தோறும் நடக்கும் நடையை ஐந்தாறு நாட்கட்குச் சேர்த்துப் பார்த்தால் அதுவே ஒலிம்பியாவிற் கொண்டு சேர்க்கும் என்று சாக்ரட்டீஸ் தேற்றுகின்றார். சிசிலித் தீவினின்றும் தென்னித்தாலியக் குடியேற்றங்களினின்றும் வந்தோர்க்குக் கடல்வழி உதவியது.

சென்று சேர்ந்த பின்னரும் இன்னல் தீர்ந்ததில்லை. வெயிலில் வாடுதலும், நெரிசலிற் படுதலும், நீராட வசதியின்மையும், மழையில் நனைதலும், ஓயாத இரைச்சலும் எல்லாம் பொறுத்துக் கொண்டே மக்கள் அங்குச் செல்கின்றனர் என எபிக்டீட்டஸ் தம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டினார். ஈக்களை ஓட்டுவோன் என்னும் பெயரால் சியூஸ் கடவுளுக்கு எலிஸ் மக்கள் பலியிட்ட செய்தியைப் பாசனியாஸ் குறித்துள்ளார். ஓட்டக்களத்தின் அருகே தோண்டப்பட்டுப் பின் தூர்க்கப்பட்ட கிணறுகள் பல அகழ்வாய்வில் வெளிப்பட்டன. கூட்டத்தின் நீர்வேட்கைக்கு இவையே சான்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெரோடஸ் அட்டிக்கஸ் என்னும் செல்வர் நீர் கொணர்ந்த பின்னரே இக்குறை நீங்கியது. கி. பி. 165-ஆம் ஆண்டு விழாவினைக் கண்ட லூசியன், எல்லோரும் ஒருங்கே புறப்பட்டமையால் வண்டி கிடைக்காது தங்க நேர்ந்ததைக் கூறுகின்றார். அஃது அவர் கண்ட நான்காம் ஒலிம்பிய விழா என்பதும் நோக்கத்தக்கது. இடர் அறிந்தும் மீண்டும் மீண்டும் சென்றோர் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வின்னல் எல்லார்க்கும் ஒத்ததன்று. கி. மு. 416-இல் ஏழு தேர்களை ஓடவிட்ட ஆல்சிபியாடீஸுக்கு எபெசஸ் நகரத்தார் அழகிய கூடாரமும், கியோஸ் தீவினர் குதிரைகட்குத் தீவனமும், லெஸ்போஸ் தீவினர் மதுவும் அளித்தனர் என்று புளூட்டார்க் உரைக்கின்றார். மணமான மகளிர்க்கோ விழாக் காண்டலே விலக்கப்பட்டது. டெமீட்டர் தெய்வத்தின் பூசைப்பெண் ஒருத்தியே அதற்கு விலக்கு. பின்னாளில் கன்னியர்க்குத் தடையில்லை எனவும் பாசனியாஸ் கூறுவர்.

இனி, செலவின் காவலைக் காண்போம். விழாவிற்கு முன் எலிஸ் நாட்டுத் தூதர் ஊர்தோறும் சென்று விழாக்கால உடன்படிக்கையை அறிவித்தனர். கை நிறுத்தல் என்னும் பொருளுடைய சொல்லால் அது வழங்கிற்று. அக்காலத்துக் கிரேக்கம் எங்கும் போர் ஓய்ந்தது என்று பலரும் எழுதுவர். அக்கருத்துப் பொருந்துமாறு இல்லை. கி. மு. 428-இல் பெலொப்பொனேசப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மிட்டிலீனித் தூதுவர் ஒலிம்பியா சென்று, விழா முடிந்தவுடன் ஸ்பார்ட்டாவின் நட்பு நாடுகள் முன்னிலையில் ஏதென்ஸுக்கு எதிராகப் படையுதவி வேண்டினர் என்று துசிடிடீஸ் எழுதுகின்றார். போர் ஓய்ந்திருந்தால் இது நிகழுமாறு எங்ஙனம்?

உடன்படிக்கை காத்தவை இரண்டு: எலிஸ் மண், அதற்குச் செல்வோர் வழி. கி. மு. 420-இல், உடன்படிக்கைக் காலத்தில் தம் நிலத்துட் படை புகுந்ததென்று எலிஸ் மக்கள் ஸ்பார்ட்டாவுக்கு 2,000 மைனா தண்டம் விதித்தனர். படை சென்றபோது உடன்படிக்கை தம் நாட்டில் அறிவிக்கப்படவில்லை என்பது ஸ்பார்ட்டரின் மறுப்பு. தண்டம் செலுத்தாமையால் அவர்கட்குக் கோயிலும் போட்டியும் அடைக்கப்பட்டன. பின்னர், கி. மு. 348-ஐ ஒட்டி, ஃபிரினான் என்னும் ஏதென்ஸ் நகரத்தான் உடன்படிக்கைக் காலத்திற் பிடிபட்டுப் பொருள் கொடுத்து மீண்டான். அப்பொருளை மீட்டுத் தருமாறு அவன் முறையிட, ஏதென்ஸ் மக்கள் மாசிடோனிய மன்னன் பிலிப்பினிடம் தூது விடுத்தனர். தனி ஒருவனது வழிக் கேட்டிற்காக ஓர் அரசு மற்றோர் அரசைக் கேட்கலாயிற்று என்பதே உடன்படிக்கையின் உண்மைப் பயன்.

அக்காவல் என்றும் வென்றதில்லை. கி. மு. 364-இல் ஆர்க்கேடியர் விழாவைக் கைப்பற்றி நடத்துங்கால், எலிஸ் மக்கள் படையொடு வந்து கோயில் வளாகத்துள்ளேயே பொருதனர். அன்றிரவு ஆர்க்கேடியர் விழாவிற்கென எழுப்பிய பந்தல்களைப் பிரித்து, அவற்றின் மரங்களால் அரண் அமைத்தனர் என்பது செனோபன் கூற்று.

இத்துணை இடர்க்கும் ஈடாகப் பெற்றது யாது? கிரேக்கர்க்கு அக்காலத்து ஒரே அரசு இல்லை. நூற்றுக்கணக்கான நகரங்கள் தனித்தனியே ஆண்டன. ஒரே குருதி, ஒரே மொழி, பொதுவான கோயில்கள், ஒத்த பழக்கங்கள் ஆகியவற்றால் தாம் ஓரினம் என்று அவர் கருதியதை ஹெரோடோட்டஸ் காட்டுவர். இவற்றுள் பொதுக்கோயில் என்பது நடந்து சென்று கூடினாலன்றி விளங்காத ஒன்று. பகை மறந்து ஓரிடத்திற் கூடச் செய்த முன்னோரை ஐசாக்ரட்டீஸ் கி. மு. 380 அளவிற் புகழ்ந்ததும் இக்கருத்துப் பற்றியே. கி. மு. 324-இல், நாடு கடத்தப்பட்டோர் தத்தம் ஊர்க்கு மீளலாம் என்னும் அலெக்சாந்தரின் ஆணை ஒலிம்பியாவிற் படிக்கப்பட்டது. அதனைக் கேட்க 20,000-க்கு மேற்பட்ட ஏதிலிகள் வந்திருந்தனர் என்பர் டியோடோரஸ். தம் நகரங்களை இழந்தார்க்கும் சென்று நிற்க உரிய நிலமாக ஒலிம்பியா விளங்கிற்று என்பது இதனாற் புலனாம்.

விழாக் காணச் சென்றானைக் கிரேக்கர் ‘தியோரோஸ்’ என்றனர். அச்செலவும் காட்சியும் ‘தியோரியா’ எனப்பட்டன. அச்சொல்லே பின்னர் மெய்யறிவாளர் நூல்களில் அறிவாற் காணும் காட்சியைக் குறித்தது. தமிழிலும் ‘காட்சி’ என்பது கண்ணாற் காண்பதையும், அளவை நூலில் அறிவின் வாயில்களுள் ஒன்றையும் குறித்தல் ஒப்பு நோக்கத்தக்கது. ஆயின் கிரேக்கச் சொல்லில் காண்டலோடு செல்லுதலும் அடங்கியுள்ளது. ஓடி வென்றவன் தன் ஊர்க்குப் புகழ் சேர்த்தான்; பல ஊரினின்றும் நடந்து வந்து மண்கரையில் அமர்ந்தவரோ, அவ்வூர்கள் அனைத்தும் ஒரு நாடு என்னும் உணர்வைத் தோற்றுவித்தனர்.