கடனும் கொடையும்: ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவம் பற்றிப் பேசப்படும்போது, யார் உள்ளே அனுமதிக்கப்படுகின்றனர் என்ற வினாவே பெரிதும் எழுப்பப்படுகின்றது. யாருடைய உழைப்பின்மீது அந்நிறுவனம் எழுந்தது என்பது அதற்கு முற்பட்ட வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான ஜோர்ஜ்ரவுனின் வரலாற்றை நாம் இந்நோக்கிலேயே அணுக விரும்புகின்றோம்.

1789இல் ஜோன் கரோலினால் நிறுவப்பட்ட இக்கல்லூரி, கத்தோலிக்கரல்லாத மாணவருக்கும் திறந்திருந்தது. சமயச் சிறுபான்மையினராய் ஒடுக்குமுறையை அனுபவித்த மேரிலாந்துக் கத்தோலிக்கர் சமயச் சகிப்பைப் போற்றியமை இயல்பே. ஆயின், இத்தாராளம் நிறத்தின் எல்லையில் நின்றுவிட்டது. கல்லூரிக்கு ஆதாரமாயிருந்த இயேசு சபையினரின் பெருந்தோட்டங்களில் உழைத்தோர் கறுப்பின அடிமைகளாவர். அவர்களிற் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருமாவர். ஒரே திருப்பலியிற் பங்குகொண்டோரை உடைமையாளர், உடைமை எனப் பிரித்தது சமயக் கோட்பாடன்று, உற்பத்தி உறவேயாகும்.

1838இல், கல்லூரி கடனில் மூழ்கியிருந்த வேளையில், சபையின் மாகாணத் தலைவர் தோமஸ் மல்லெடி 272 பேரை லூசியானாத் தோட்டங்களுக்கு 115,000 டொலருக்கு விற்க ஒப்பந்தஞ் செய்தார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, விற்ற பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது என்பன உரோமிலிருந்த சபைத் தலைமை விதித்த நிபந்தனைகளுட் சில. இரண்டும் மீறப்பட்டன. முதலிற் கிடைத்த 25,000 டொலரில் 17,000 டொலர் கல்லூரிக் கடனுக்குச் சென்றது.

அயர்லாந்துத் தந்தைக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்து, ஜோர்ஜியாச் சட்டப்படி தாமும் அடிமையாகவே கருதப்பட்ட பற்றிக் ஹீலி, 1874இல் இந்நிறுவனத்தின் தலைவரானார். வெள்ளையராக ஏற்கப்பட்டமையாலேயே அது சாத்தியமாயிற்று. கறுப்பின மாணவர் இளமாணி வகுப்புகளில் நுழைவதற்கோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தனிமனிதரின் உயர்வு அமைப்பின் மாற்றமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2015இல் மாணவர் நடத்திய போராட்டம் இவ்வரலாற்றைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. 2016இல், விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு அனுமதியிற் சலுகை அறிவிக்கப்பட்டது. 2017இல் பல்கலைக்கழகமும் சபையும் மன்னிப்புக் கோரின. மல்லெடியின் பெயர் தாங்கியிருந்த கட்டடம், விற்பனை ஆவணத்தில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட ஐசாக் ஹோக்கின்ஸின் பெயரைப் பெற்றது. இவற்றின் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், 2019இல் நிகழ்ந்தது பிரச்சினையின் உட்கிடையை உணர்த்துகின்றது. வழித்தோன்றல்களின் நலனுக்காகத் தவணைக்கு 27.20 டொலர் கட்டணஞ் செலுத்துவதை, வாக்களித்த மாணவருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் ஆதரித்தனர். நிர்வாகம் அக்கட்டணத்தை நடைமுறைப்படுத்தாது, நன்கொடை மூலம் நிதி திரட்டப்போவதாக அறிவித்தது.

கட்டணம் கடப்பாட்டை ஒப்புக்கொள்வது. நன்கொடை கொடுப்போரின் பெருந்தன்மையைச் சார்ந்தது. 1838இல் கல்லூரி தன் கடனைத் தீர்த்தே ஆகவேண்டிய கடனாகக் கருதிற்று. அதற்காக மனிதர் விற்கப்பட்டனர். அம்மனிதருக்குரிய கடன் மட்டும் கொடையாகப் பெயர் மாறுவதேன்? இவ்வினாவைத் தவிர்க்கும் எந்தப் பன்மைத்துவமும் வாயிலைத் திறக்குமேயன்றி, அத்திவாரத்தைத் தொடமாட்டாது.