வழிபாட்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் சமயங்கள் அண்டை வீட்டாரைப் போல் அடுத்தடுத்து வாழ்கின்றன. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின், இரயில்வேப் பணிக்கு வந்த பல இனத்தார் இங்குக் குடியேறினர். சிங்களவர் 1894-இல் சங்கம் அமைத்துப் பௌத்த மகா விகாரையை உருவாக்கினர். யாழ்ப்பாணச் சைவர் கந்தசுவாமி கோயிலையும், தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன் கிறித்தவர் 1924-இல் சீயோன் ஆலயத்தையும் எழுப்பினர். தமிழ் முஸ்லிம்களுக்கும் இங்கே ஒரு பள்ளிவாசல் உண்டு.

இச்சமயங்களின் கடவுட் கொள்கைகளை ஒப்பிட்டு எழுதியோர் பலர். ஆயின், கூட்டு வழிபாடு நிறைவேற எத்தனை பேர் வேண்டும் என்ற எளிய கேள்வியும் ஒரு சமூகத்தின் வரலாற்றைப் பெரிதும் விளக்கவல்லது.

இக்கேள்விக்குத் தெளிவான விடை வகுத்துக்கொண்டவர் யூதர். கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிபீடமும் குருமார் பணியும் அதனோடு மறைந்தன. நாடு நாடாகச் சிதறிய யூதர்க்கு வேதநூலும் கூடி வழிபடும் சபையுமே ஆலயமாயின. வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூடினால் அது சபை என்பது அவர்தம் பண்டை விதி. இத்தொகைக்கு ‘மினியான்’ என்று பெயர். தனியே செபிக்கத் தடையில்லை. ஆயினும் வேதச்சுருளை முறைப்படி ஓதவும், இறந்தவர்க்காக மைந்தன் கூறும் ‘கதீஷ்’ என்னும் இறைபுகழ்ச்சியைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும்.

இவ்விதியின் வலிமையும் கடுமையும் மலேசிய மண்ணிலேயே வெளிப்பட்டன. பினாங்கில் பெரும்பாலும் பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் ஒரு சிறு சமூகமாக வாழ்ந்தனர். 1929-இல் நாகூர் சாலையில் ஜெப ஆலயம் ஒன்றைத் திறந்தனர். தமிழ் முஸ்லிம்கள் போற்றும் நாகூரின் பெயர் தாங்கிய சாலையில் எபிரேய வேதம் ஒலித்தது. உலகப் போரும் அதன்பின் நேர்ந்த குடிபெயர்வும் சமூகத்தைச் சுருக்கின. பத்துப் பேரைத் திரட்டுவதே அரிதாகிவிடவே, 1976-இல் ஆலயம் மூடப்பட்டது. கட்டடம் நின்றது, சபை இல்லை. இன்று அச்சமூகத்தின் சான்றாக நிற்பது யூதர் கல்லறைத் தோட்டமே.

பிற சமயங்களிலும் எண் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆடவர் வேண்டும் என்பது மலாய் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபு. தமிழ் முஸ்லிம்களுள் பலர் சார்ந்த ஹனஃபி மரபில் இமாமைத் தவிர மூவர் போதும். பௌத்தத்தில் ஒருவரைப் பிக்குவாக முழுநிலையில் ஏற்கப் பத்துப் பிக்குகளும், தொலைநாடுகளில் ஐவரும் கூட வேண்டும். இலங்கையில் ஒரு காலத்தில் இத்தொகைக்குரிய பிக்குகள் இல்லாமையால் அம்மரபே அற்றுப்போயிற்று. கண்டியை ஆண்ட நாயக்க மரபு மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753-இல், சயாம் நாட்டிலிருந்து வந்த உபாலி தேரர் முதலியோர் அதனை மீண்டும் நிறுவினர். அற்ற மரபை அயல்நாட்டார் வந்து ஒட்டவைத்தனர். பினாங்கு யூதர்க்கு அவ்வாறு வருவோர் இல்லை.

சைவத்தின் நிலை வேறு. ஊர் நலத்துக்காகச் செய்யப்படும் பரார்த்த பூசைக்கு அடியார் தொகை விதிக்கப்படவில்லை. சந்நிதியில் எவரும் இல்லாவிடினும் சிவாசாரியார் காலந்தவறாது பூசை முடிப்பார். இஃது ஒரு பெருங்காப்பு. ஆனால் இதிலேயே ஓர் இடரும் உள்ளது. பத்தாவது ஆள் வரவில்லையெனில் யூதன் அன்றே அறிவான். கோயிலோ, மக்கள் குறைந்துவருவதை நெடுநாள் உணராமலேயே இருந்துவிடலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டக் கோயில்கள் இதற்குச் சான்று. இரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் குடில் எழுப்பியவர் பால்மரம் வெட்டிய தொழிலாளர். ஆண்டுத் திருவிழாவே அவர்கள் அனைவரும் கூடிய சபை. 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். கோயிலைப் பற்றிய வழக்கு எழும்போது நிலம் யாருடையது என்ற கேள்வியே முன் நிற்கிறது. அக்கோயிலுக்குரிய மக்கள் இன்று எங்கே, அவர்தம் பிள்ளைகள் அங்கு வருகின்றனரா என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஆலயங்களைத் தோற்றுவித்தவருள் பெருஞ்செல்வர் சிலரே. எழுத்தரும் இரயில்வே ஊழியரும் சங்கமாகக் கூடி, மாதச் சம்பளத்திலிருந்து திரட்டிய பொருளே பல ஆலயங்களுக்கு அடித்தளம். சங்கம் முந்தியது, கட்டடம் பிந்தியது. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவது போன்றே, ஞாயிறுதோறும் திருமுறை வகுப்புக்கு எத்தனை சிறுவர் வந்தனர் என எண்ணிப் பார்ப்பதும் ஆலயப் பணியேயாகும். எண்ணிக்கை விதி இல்லாத சமயத்தாரே தம் மக்களை அதிகக் கவனத்துடன் எண்ண வேண்டியவர்.