கீச்சு என்றொரு சொல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானுக்குச் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலத்தில் கடைவீதிப் பக்கமும் ஒருமுறை நடக்க வேண்டும். சில கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவி நுழைய மட்டும் சின்ன வழி விட்டிருப்பார்கள். உள்ளிருந்து ஒலிபெருக்கி ஓயாமல் கீச்சிடும். மலாய்க்காரர்கள் வாலிட் என்று சொல்லும் உழவாரக் குருவியை அழைக்கும் ஒலிப்பதிவு அது. எச்சிலால் அந்தக் குருவி கட்டும் கூட்டைத்தான் சீனர்கள் விலை கொடுத்து வாங்கி சூப்பு வைக்கிறார்கள். வெளியே கீச்சிடும் அதே குருவி, உள்ளே இருட்டில் 'டிக் டிக்' என்று வேறொரு ஒலி எழுப்பி, எதிரொலியைக் கொண்டு சுவர் எங்கே என்று அறிகிறது. நமக்கு வெறும் சத்தம். அதற்கு அதுதான் கண்.

'கீச்சு' காது தந்த சொல். எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் பறவைக் குரலை 'கிச்சாவ்' என்பார்கள். கோழிக்குஞ்சின் குரலுக்கு 'சியாப்'. குருவி சொல்லிக்கொடுத்ததை அவரவர் மொழியில் எழுதிக்கொண்டார்கள். தமிழில் இதற்கு வயது அதிகம். திருப்பாவையின் ஏழாம் பாசுரம் ஆனைச்சாத்தன் பறவையின் 'கீசு'க் குரலோடு தொடங்குகிறது. கரிச்சான் அல்லது வலியன் என்று அறியப்படும் பறவை அது. அந்தப் பறவைகள் கத்துவதாக ஆண்டாள் சொல்லவில்லை, பேசிக்கொள்வதாகச் சொல்கிறாள்.

எல்லா மொழியும் இந்த மரியாதையைத் தரவில்லை. 'ஜார்கன்' என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் பறவைகளின் கலகலப்பு என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. காலப்போக்கில் விளங்காத பேச்சு, பிதற்றல், ஒரு தொழிலினர் மட்டும் புழங்கும் மொழி என்றெல்லாம் பொருள் மாறி, ஏளனமும் சேர்ந்துகொண்டது. மலாயிலும் வாயாடியை 'மூலுட் முராய்', முராய்க் குருவியின் வாய் என்பார்கள். தமிழில் ஒரு சொல் நேர் எதிராக உயர்ந்திருக்கிறது. மயிலின் குரலைச் சொல்லும் அகவல் என்ற சொல்லையே தொல்காப்பியம் ஆசிரியப்பாவின் ஓசைக்கும் சொல்கிறது.

அந்த ஏளனத்தை மனிதர் பேச்சின் மீதும் பார்த்திருக்கிறேன். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஒலிக்குறிப்புச் சொற்களைப் பாடம் நடத்தும்போது, வெயிலில் ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தத்தைப் பிள்ளைகள் நான் கேட்காமலே சொல்வார்கள். அதே பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனால் அங்குள்ளவர்கள் 'தோட்டத்துப் பேச்சு' என்று சிரிப்பார்கள். அந்தப் பேச்சில் என்ன இருந்தது? விடியுமுன் பேர் கொடுக்க நிற்பது பிரட்டு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் அப்படி ஆனது. பேர் எழுதுகிறவர் கிராணி. மரவரிசை நிரை. பால் வடியும் கிண்ணம் மங்கு. பட்டையிலும் மங்கிலும் உறைந்து கிடப்பது ஒட்டுப்பால். அதையும் தனியாக நிறுத்துக் கூலி போட்டார்கள். ஒட்டுப்பாலைச் சாதாரணப் பாலோடு குழப்பிப் பேசினால் கூலிக் கணக்கே மாறிவிடும். அவ்வளவு துல்லியமான மொழி அது. வெளியில் நின்று கேட்டவர்களுக்குத்தான் அது கீச்சொலி.

2006இல் டுவிட்டர் வந்தது. பிறகு அதில் எழுதிய தமிழர்கள் பதிவுக்குக் 'கீச்சு' என்றும் எழுதுகிறவருக்குக் 'கீச்சர்' என்றும் பெயர் வைத்தார்கள். மலேசிய மலாய்ச் செய்திகளில் அது 'சியாப்பான்' ஆனது. 2023இல் நிறுவனம் 'எக்ஸ்' என்று பெயரை மாற்றி, நீலக் குருவியைக் கைவிட்டது. அதனால் கீச்சுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நிறுவனத்துக்கு முன்பும் அது நம்மிடம் இருந்த சொல்தான்.

பாசுரத்தில் பதிவான கீச்சுக்கு இருக்கும் பாதுகாப்பு தோட்டச் சொற்களுக்கு இல்லை. பேராக்கில் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பிரட்டும் மங்கும் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவர்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு எழுதி, உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு படியைக் கொடுத்து வையுங்கள்.