வைஃபை கைமாற்றத் தாமதம்

கையில் கைப்பேசியோடு நடப்பவர் வைஃபை சிக்னலைப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் எல்லைக்குள் போகும்போது, தரவு வராமலும் போகாமலும் நிற்கும் இடைவெளி வைஃபை கைமாற்றத் தாமதம் எனப்படும். மின்னஞ்சல் படிப்பவருக்கு அது தெரியாது. பேசிக்கொண்டு நடப்பவருக்குக் குரல் அறுந்துபோகும். பேச்சு கெடாமலிருக்க இது 50 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு.

1997-ல் வந்த ஐஇஇஇ 802.11 தரநிலை இடம் மாறும் கருவி மறுபடி இணைய வழி வைத்திருந்தது. எவ்வளவு விரைவாக என்பதில் அக்கறை காட்டவில்லை. தாமதம் எங்கே என்பதை 2003-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் அருணேஷ் மிஸ்ரா, மின்ஹோ ஷின், வில்லியம் ஆர்பா ஆகியோர் அளந்து காட்டினர். நேரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டைத் தேடுவதிலேயே போனது. இணைவதற்கு ஆனது சொற்பம். காரணம் எளிது. ஆக்சஸ் பாயின்ட் வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸின் 13 சேனல்களிலும் காத்துக் கேட்டால் 1.3 வினாடி ஓடிவிடும். கருவியே குரல் கொடுத்துத் தேடினாலும் சேனல் சேனலாகத்தான் போக வேண்டும்.

2004-ன் 802.11ஐ தரநிலை பாதுகாப்பைக் கூட்டியது, கூடவே தாமதத்தையும். நிறுவன வலையமைப்புகளில் மாறும்போது சர்வர்வரை போய் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. 2008-ல் வந்த இரண்டு தரநிலைகள்தாம் உண்மையான மருந்து. 802.11கே அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்களின் பட்டியலைத் தருகிறது, 802.11ஆர் மறையாக்கச் சாவிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது. ஐபோன்கள் 2012-ல் இரண்டையும் ஏற்றன.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே சிக்கலை இரயில்களில் பார்க்கலாம். 1998-ல் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா தடத்தின் ஓட்டுநரில்லா இரயில்கள் தண்டவாளத்திடையே கிடக்கும் கம்பிவளையங்கள் வழியே கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசின. 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜூலையில் முழுமையடைந்த காஜாங் எம்ஆர்டி தடத்திலோ பேச்செல்லாம் வானலையில். பிரிக்ஃபீல்ட்ஸின் கேஎல் சென்ட்ரலை ஒட்டிய மூசியம் நெகாரா நிலையத்தைக் கடக்கும் இரயில், தடத்தோர வானலைக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். தொடர்பு நீண்ட நேரம் அறுந்திருந்தால் பிரேக் விழும். ஆனால் தண்டவாளம் மாறாதது. அடுத்தது எது என்பது முன்பே தெரியும், தேடும் வேலையே இல்லை.

பேரங்காடியில் நடப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வைஃபையில் எப்போது மாறுவது என்பதைக் கைப்பேசியே முடிவு செய்கிறது. ஐபோன், சிக்னல் வலிமை −70 டிபிஎம்முக்குக் கீழே போன பிறகுதான் வேறிடம் தேடும். நலிந்த சிக்னலை விடாமல் பிடித்துத் தொங்கும் கருவிகளும் உண்டு. ஆக, தாமதத்தை 802.11கேவும் 802.11ஆரும் குறைத்துவிட்டன, பிடிவாதத்தை எந்தத் தரநிலையும் இன்னும் குணப்படுத்தவில்லை. வைஃபை 8 எனப்படும் 802.11பிஎன் தடையில்லா மாற்றத்தைத் தன் இலக்குகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.