கப்பல் என்ஜினுக்கு அண்டக் கொடுத்த கதை



வகுப்பில் பெஞ்சு ஆடினால் தாளை மடித்துக் காலுக்கு அண்டக் கொடுப்பீர்களே, நினைவிருக்கிறதா? (பாதிப் பேர் கிழித்தது கணக்கு நோட்டைத்தான்!) கப்பலின் மெயின் என்ஜினுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதற்கு 'சாக்' என்று பெயர்.

1912இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் புறப்பட்டது 'செலாண்டியா' என்ற டீசல் கப்பல். வழியில் லண்டனில் நின்றபோது சர்ச்சிலே போய்ப் பார்த்தார். டீசல் கப்பல்களின் காலம் அதோடு சூடுபிடித்தது. வரலாறு என்ஜினைப் பேசும். அதன் அடியில் படுத்து வேலை செய்த ஃபிட்டரைப் பேசாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

என்ஜின் உட்காரும் இரும்புத் தளம் முழுச் சமமாக இருக்காது. அப்படியே வைத்து போல்ட்டை முறுக்கினால் என்ஜினின் அடிச்சட்டம் வளையும். கிராங்க் ஷாஃப்ட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் முறியும். நடுக்கடலில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என்ஜினைத் திருகுகளால் சற்றே உயர்த்தி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு நேர்பார்த்து, அடியில் உள்ள ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து இரும்புத் துண்டு செய்தார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. துண்டில் நீலச் சாயம் தடவி உள்ளே தள்ளி இழுத்தால், மேடான இடம் தெரியும். அதைச் சுரண்டி, மறுபடி தள்ளி, மறுபடி சுரண்டி... மெல்லிய ஃபீலர் கேஜ் தகடுகூட நுழையாத வரை இதே வேலை. பெரிய என்ஜினுக்கு இப்படிப் பல டஜன் துண்டுகள்!

இன்னொரு சங்கடம். தரையில் கட்டும்போது இருந்த வடிவம் தண்ணீரில் இறங்கியதும் சற்று மாறும். வெயில் பட்டாலும் உடல் வளையும். ஆகவே கப்பல் மிதக்கும்போது, வெயிலுக்கு முன் அதிகாலையில் அளப்பது வழக்கம்.

நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே பாருங்கள். புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னே தள்ள, தண்ணீர் அதை முன்னே தள்ளுகிறது. பெரிய கப்பல்களில் அந்த விசை ஷாஃப்ட் வழியாக என்ஜினின் அடிச்சட்டத்துக்கு வந்து, போல்ட்டும் சாக்கும் வழியாகத்தான் கப்பலுக்குப் போகிறது.

1960களில் எபாக்ஸி பிசின் வந்தது. இடைவெளியைச் சுற்றி அணை கட்டி ஊற்றினால், மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்து ஓரிரு நாளில் இறுகிவிடும். வாரக்கணக்கான சுரண்டல் போயிற்று. ஆனால் பிசின் அதிகச் சூடு தாங்காது. சுமைக்கும் வரம்பு உண்டு.

எந்தச் சாக் ஆனாலும் போல்ட் தளர்ந்தால் தேயத்தான் செய்யும். இரும்புச் சாக் என்றால் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தென்படும். சுத்தியலால் போல்ட்டைத் தட்டி, சத்தத்தை வைத்தே தளர்வைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

கப்பலேறிய நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் என்ஜினுக்கு இரும்பா, பிசினா என்று எழுதுங்கள்.