மனை ஆளும் கல்வி

சனிக்கிழமை மாலைப் பொழுதில், பல்லடத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையோரம் சற்றே நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் பெற்ற ஆடவரும் பெண்டிரும் திரள் திரளாக வீடு திரும்புவர். மறுநாள் இறைச்சிக் கடையிலும் துணிக் கடையிலும் கூட்டம் நெரியும். புதன்கிழமை வந்துவிட்டாலோ, அதே வீடுகளுட் சிலவற்றில் பால்காரரிடம் கடன் சொல்லும் குரல் கேட்கும். இவை வருவாயற்ற குடும்பங்கள் அல்ல. கணவர் ஓவர்லாக் இயந்திரத்தில் தைக்கிறார். மனைவி பிசிறு வெட்டுகிறார். மூத்த மகன் தறிக்குச் செல்கிறான். கூலி போதாது என்பது உண்மை. அதனை மறைத்துப் பேசுவது உழைப்பவர்க்கு இழைக்கும் அநீதி. ஆயினும், வந்த பொருளை வகுத்து வைக்கவும், உடலுக்கு எது உரம் என்றறிந்து வாங்கவும், நோயுற்றவர்க்குப் பக்குவமாய்க் கஞ்சி காய்ச்சவும் இம்மூவருள் எவர்க்கும் எந்தப் பள்ளியும் கற்பித்ததில்லை என்பதும் உண்மையே.

இவ்வாறு சொன்ன அளவில், "அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? பெண்பிள்ளைக்குத் தாய் கற்றுக்கொடுப்பாள்" என்று விடை வரும். நம் வீடுகளில் இவ்விடை தொன்றுதொட்டு வருவதாகக் கருதப்படுகிறது. எத்தனையோ பெண்மக்களின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியதும் இவ்விடைதான். ஆனால் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், மனையை ஆளும் கல்வி நம் முன்னோரின் நூல்களில் ஆடவர்க்கே உரைக்கப்பட்டது என்னும் செய்தி புலனாகின்றது.

இஸ்லாமிய அறிஞர் பெருமக்கள் செயல்சார்ந்த மெய்யறிவை மூன்றாகப் பகுத்தனர். தன்னைத் திருத்துவது ஒழுக்கவியல். வீட்டை நடத்துவது 'தத்பீருல் மன்ஸில்', அதாவது மனையாட்சி. நாட்டை நடத்துவது அரசியல். பிரைசன் என்னும் கிரேக்கர் மனையாட்சி பற்றி எழுதிய நூல் அரபியில் பெயர்க்கப்பட்டுப் பரவிற்று. அதன் கிரேக்க மூலத்தில் சில துண்டுகளே எஞ்ச, அரபி வடிவம் நிலைத்துவிட்டது. கி.பி. 1235 வாக்கில் நஸீருத்தீன் தூஸி பாரசீகத்தில் இயற்றிய 'அக்லாக்கே நாஸிரி' என்னும் பெருநூலின் இரண்டாம் பகுதி முழுவதும் மனையாட்சி பற்றியதே. வீட்டின் அமைப்பு, பொருளை ஈட்டலும் காத்தலும் செலவிடலும், மனைவி, மக்கள், பணியாளர் என்று அது விரிகின்றது. மொகலாயர் அவையிலும் விரும்பிப் பயிலப்பட்ட நூல் இது. இந்நூல் யாரை நோக்கிப் பேசுகிறது? குடும்பத் தலைவரை நோக்கி. பெண்களைப் பற்றி அவர் கூறுவன எல்லாம் இன்று நமக்கு ஏற்புடையன அல்ல. ஆடவர் மேலாண்மை அதில் வெளிப்படை. எனினும், வீட்டு வரவு செலவும் குழந்தை வளர்ப்பும் அரசியலுக்கு முந்தைய படியாக, ஓர் ஆண்மகன் கற்றுத் தேற வேண்டிய அறிவாக வைக்கப்பட்டிருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் இடம்பெற்றிருப்பதை அறியாத வீடு நம்மில் இல்லை. அறிந்தும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாராத ஆடவர் நம்மில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க நாம் முனையவில்லை. எடுத்தால் எழுதும் நம் பெயரும் பட்டியலில் வந்துவிடக்கூடும்.

மனையாட்சி பெண்ணுக்குரிய பாடமாக அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். 1869இல் டிப்டி நஸீர் அஹ்மது எழுதிய 'மிர்ஆத்துல் உரூஸ்' என்னும் உருதுக் கதைக்கு அன்றைய வடமேற்கு மாகாண அரசு 1,000 ரூபாய் பரிசளித்தது. தம் பெண்மக்கள் படிப்பதற்கெனவே அவர் அதனை எழுதத் தொடங்கினார். அக்பரி, அஸ்கரி என்னும் உடன்பிறந்த இருவருள் மூத்தவள் வீட்டைக் குலைக்கிறாள். இளையவள் கணக்கைச் சரிபார்த்து, பணிப்பெண்ணின் களவை வெளிப்படுத்தி, புக்ககத்தைக் கடனிலிருந்து மீட்டு, பின்னர்த் தெருப் பெண்களுக்குப் பள்ளியும் நடத்துகிறாள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி 'பிஹிஷ்தி ஜேவர்' எழுதினார். மார்க்கச் சட்டங்களோடு வீட்டுக் கணக்கு, கடிதம் எழுதும் முறை, சோப்பு காய்ச்சுதல், ஊறுகாய் போடுதல் வரை அதில் உண்டு. வடநாட்டில் மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்ட நூல் அது. நூலைக் கொடுத்தவர்கள் அதைப் படிக்கும் எழுத்தறிவையும் கொடுக்க வேண்டியதாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. மனையியல் பெண்ணுக்குத் திறந்துவிட்ட முதற் கதவு அதுவே.

அக்கதவை அகலத் திறந்தவர் வங்கத்துப் பேகம் ருக்கையா சகாவத் ஹுசைன். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் தொடங்கிய தம் பள்ளியில் மொழிகளோடு சமையல், தையல், செவிலிப்பணி, தோட்டவேலை ஆகியவற்றையும் பாடமாக வைத்தார். மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்குச் சமையலும் தையலும் ஓர் ஆறுதல். உள்ளே வந்த சிறுமிக்கோ புவியியலும் ஆங்கிலமும் காத்திருந்தன. அம்மையாரின் சாதுரியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டுப் பொதுக் கல்வித் திட்டத்தில் இப்பொருள் இடம்பெற்றதிலும் ஒரு முஸ்லிம் பெருமகனாரின் கை உண்டு. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன். மேல் வகுப்புகளில் பெண்பிள்ளைகள் கைத்தொழிலுக்கு ஈடாக மனையியலை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்குழு கூறிற்று. 1952-53இல் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, மேனிலைப் பள்ளியின் ஏழு பாடப் பிரிவுகளுள் ஒன்றாக மனையியலை வைத்தது. அதே 1953இல்தான் சென்னை மாநிலத்தில் ராஜாஜியின் அரைநாட் பள்ளித் திட்டம் வந்தது. சிறுவர் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் தந்தையின் தொழிலிலும், சிறுமியர் தாயோடு வீட்டு வேலையிலும் பழக வேண்டும் என்றது அது. நாடே கொதித்தெழுந்து 'குலக்கல்வி' என்று பெயரிட்டது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். ஒன்று வீட்டு அறிவைப் பள்ளிக்குள் கொணர்ந்து அதற்கு ஆசிரியரும் தேர்வும் மதிப்பும் தந்தது. மற்றொன்று பிள்ளையைப் பள்ளியினின்றும் வீட்டுக்கு அனுப்பியது. "தாய் கற்றுக்கொடுப்பாள்" என்று சொல்வோர் அறிந்தோ அறியாமலோ இரண்டாவதன் பக்கம் நிற்கின்றனர்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். தி.சு. அவிநாசிலிங்கம் அவர்கள் 1903இல் திருப்பூரில் பிறந்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். தமிழ்க் கலைக்களஞ்சியம் உருவானதில் அவர் பங்கு பெரிது. மணம் புரிந்து இல்லறம் நடத்தாத அப்பெரியார்தாம் 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தார் என்பது எண்ணிப் புன்னகைக்கத் தக்கது. நூலையும் பஞ்சையும் பற்றியே நாளெல்லாம் பேசும் ஊரில் பிறந்தவர், அடுப்பையும் தொட்டிலையும் பல்கலைக்கழகக் கல்வியாக்கினார்.

அக்கல்லூரிக்கு உயிரூட்டியவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். 1919இல் செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, டில்லியில் மைய அரசுப் பணியில் இருந்தவர், 1961இல் கோவைக் கல்லூரியின் முதல்வரானார். அமெரிக்காவில் இத்துறை வளர்ந்த கதையும் சுவையானது. எலன் ரிச்சர்ட்ஸ் என்னும் வேதியியல் அம்மையார், ஆடவர் மட்டுமே பயின்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873இல் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்ந்த அவர், 1899இல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் கூடிய மாநாட்டில் மனையியலுக்கு ஒரு துறை என்னும் வடிவு தந்தார். ஆகவே அது வெறும் சமையற் குறிப்பன்று. நீரிலுள்ள நச்சும் அரிசியிலுள்ள சத்தும் அளக்கும் அறிவியல்.

ராஜம்மாள் அவ்வறிவியலைக் கொங்கு நாட்டுப் புன்செய்க்கு ஏற்பத் திருப்பினார். பால்குடி மறக்கும் குழந்தைக்கு டப்பாப் பால்மாவு வாங்க வழியற்ற தாய்மாருக்கென அக்கல்லூரியில் உருவானது 'குழந்தை அமுது'. சோளம், கம்பு, ராகி போன்ற தானியங்களுள் ஒன்றின் வறுத்த மாவு, பாசிப்பயறு, வறுத்த நிலக்கடலை, வெல்லம்; இவ்வளவே. தானியத்தில் குறையும் புரதத்தின் ஒரு கூறு பயறில் உண்டு. பயறில் குறைவது தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பால், முட்டை இவற்றுக்கு நெருங்கிய புரதம் கிட்டும். பல்லடம் வட்டாரத்து மானாவாரிக் காட்டில் விளைந்தவையே இவை அனைத்தும். நம் பாட்டிமார் இதை அறியாதவரல்லர். ஆனால் ஏன் என்பதை அறிந்தவர் சிலரே. ஏன் என்று அறியாத அறிவை, கடையில் பளபளக்கும் பொட்டலம் வந்ததும் மகள் எளிதில் கைவிட்டாள். தாய் கற்பித்தலுக்கும் பள்ளி கற்பித்தலுக்கும் உள்ள இடைவெளி இதுவே. 1988இல் அக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று, ராஜம்மாள் துணைவேந்தரானார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2002இல் மறைந்தார்.

இத்துணைப் பெருமைக்கும் ஒரு குறை உண்டு. மனையியல் பெண்ணின் பாடமாகவே நின்றுவிட்டது. இதனை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஹன்சா மேத்தா அம்மையார் தலைமையில் 1960களின் தொடக்கத்தில் அமைந்த குழு, ஆண் பெண் என்று பாடத்திட்டத்தைப் பிரித்தல் தகாது, நடுநிலை வகுப்புகளில் மனையியல் இருபாலார்க்கும் பொதுவாக வேண்டும் என்றது. 1964-66இல் கோத்தாரிக் குழு, பெண்கள்மீது மனையியலைக் கட்டாயமாகச் சுமத்தலாகாது, விருப்பப் பாடமாக இருக்கட்டும் என்றது. சுமத்தாமை நடந்தது, சிறுவர்க்குக் கற்பித்தல் நடக்கவில்லை. தமிழ்நாட்டு மேனிலை வகுப்புகளில் 'மனையியல்' பாடநூல் உண்டு. அதைக் கையில் ஏந்திய மாணவனை நாம் இதுவரை கண்டதில்லை. ஜப்பானோ 1989இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, 1994 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கும் மனையியலைக் கட்டாயமாக்கியது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2024இல் வெளிவந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில், தந்தை தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. படம்தானே என்று எண்ணுதல் வேண்டா. எட்டு வயதுச் சிறுவன் பார்க்கும் படம் அது.

பல்லடத்தில் இதன் தேவை வேறெங்கினும் மிகுதி. தாய் கற்பிப்பாள் என்கிறோம். தாய் வீட்டில் எங்கே இருக்கிறாள்? காலை எட்டரைக்குக் கம்பெனிப் பேருந்து ஏறியவள் இரவில் திரும்புகிறாள். தறியோடு வாழும் வீடுகளிலோ சமையலுக்கும் தார் சுற்றுதலுக்கும் இடையே அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. தென்மாவட்டங்களிலிருந்து 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரால் பஞ்சாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட இளம்பெண்கள் கற்கும் வயதில் தாயின் முகமே காணாதவர்கள். மூன்றாண்டு உழைப்பின் முடிவில் திருமணத்துக்கென்று கிடைக்கும் என்ற தொகையை எண்ணியே நாட்களைக் கழித்தனர். அத்தொகையை என் செய்வது, எங்கே சேமிப்பது, யார் பெயரில் வைப்பது என்று அவர்கட்கு ஒரு வகுப்பாவது நடந்திருக்கலாகாதா? வடநாட்டிலிருந்து வந்து ஓரறையில் அறுவராய்த் தங்கும் இளைஞர்களோ தாமே சமைத்துத் தாமே துவைத்துக்கொள்ள வேண்டியவர்கள். இவர்களையும் மனைக்குரியோர் என்று எந்தப் பாடத்திட்டமும் எண்ணியதில்லை. தமிழகமெங்கும் விற்கும் கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்தில் அறிவிக்கப்படுகிறது. அந்த விலையை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் நாம், நம் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறோம்.

நம் சமுதாயத்துப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. "சமையல் தெரிந்தால் போதும்" என்று மகளை நிறுத்துவோரும், "படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை" என்று மகனைக் காப்போரும் ஒரே தவற்றின் இரு பக்கங்களையே பற்றி நிற்கின்றனர். முன்னவர் அவ்வறிவை மிக எளிது என்று எண்ணுகின்றனர். பின்னவர் மிக இழிவு என்று எண்ணுகின்றனர்.

பல்லடத்தில் நாம் நன்கறிந்த ராவுத்தர் குடும்பம் ஒன்றில், பாட்டனார் எழுதிய கணக்கு நோட்டுகள் இன்றும் பரணில் உள்ளன. நூல் வியாபாரம் செய்தவர் அவர். பக்கத்தின் இடப்புறம் கடைக் கணக்கு. வலப்புறம் வீட்டுக் கணக்கு. அரிசி, எண்ணெய், விளக்குத் திரி, பேறுகாலத்து மருத்துவச்சிக்குக் கொடுத்தது, ஜகாத்துக்கு ஒதுக்கியது என்று அனைத்தும் அவர் கையெழுத்தில். சென்ற ரமலானில் அவற்றை இறக்கி நமக்குக் காட்டிய பேரர், ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேலாளர். "உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது?" என்று நோட்டைப் பார்த்தபடியே கேட்டோம். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியை அழைத்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன் அதற்குள் நோட்டின் வலப்புறப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.