மனநெருக்கடியில் மருத்துவமனை ஒன்றுதான் வழியா?

ஒருவருக்கு மனம் கலங்கிவிட்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது ‘தஞ்சோங் ரம்புத்தான்’. 1911இல் திறக்கப்பட்ட பகாகியா மருத்துவமனை அமைந்துள்ள ஊரின் பெயர், நாளடைவில் ஏச்சுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தப் பெயருக்கு அஞ்சியே லிங்கி போன்ற தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன.

மனநெருக்கடிக்கு மருத்துவமனைக் கட்டில் மட்டுமே தீர்வல்ல. அதே துன்பத்தைக் கடந்து வந்தவர்களே நடத்தும் இல்லங்கள் சில நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ‘டயல் ஹவுஸ்’ 1999 முதல் இயங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘அஃபியா’ இல்லம் 2012இல் தொடங்கியது. அங்கு ஏழு இரவுகள் வரை கட்டணமின்றித் தங்கலாம். கதவுக்குப் பூட்டு இல்லை. கட்டாய மருந்தும் இல்லை. விரும்பும்போது பேசலாம், சும்மாவும் இருக்கலாம். “நானும் இப்படி இருந்தவன்தான்” என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பார். அதுதான் அங்குள்ள மருந்து.

கலிபோர்னியாவில் 393 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இத்தகைய இல்லத்தில் தங்கியவர்கள் பூட்டிய சிகிச்சைக் கூடத்தில் இருந்தவர்களைவிட அதிக முன்னேற்றமும் மனநிறைவும் கண்டனர். ஆனால், பிறரைத் தாக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மருத்துவமனையே சரியான இடம்.

மலேசியாவில் 2017இல் தொடங்கப்பட்ட ‘மியாசா’ அமைப்பு, மனநோயை அனுபவித்தவர்களின் துணையை முன்வைத்துச் செயல்படுகிறது. ‘பிஃப்ரண்டர்ஸ்’ அமைப்பின் தொண்டூழியர்கள் 1970 முதல் துயரில் இருப்போருக்குக் காது கொடுத்து வருகின்றனர். அவர்களை 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

“போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ” என்ற பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

இல்லம் கட்டப் பணம் வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் போதும். கோயில் மண்டபமோ பாலர் பள்ளியோ, வாரம் ஒரு மாலை நாலு பேர் கூடிப் பேசத் தொடங்கலாம். அறிவுரை வேண்டாம், பேயோட்ட வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். ஆபத்து தெரிந்தால் உடனே 999.